சரக்கில் குறை வந்தால் ஆங்கிலத்தில் எழுதும் விதம்

திரிங்காப் போன்ற மலையூரில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சரக்கு கீழேயிருந்துதான் ஏறிவர வேண்டும். தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ லோரி வந்து இறக்கிவிட்டுப் போன பிறகு, எண்ணிப் பார்க்கையில் மூன்று பெட்டி குறைந்தால் யாரைக் கேட்பது? ஓட்டுநர் பாதி மலை இறங்கியிருப்பார். அப்போது எழுத்துதான் நமக்கு வாய்.

அரசாங்க அலுவலகங்களுக்கு மலாயில் எழுதுகிறோம். அதில் நம்மவர்களுக்கு அவ்வளவு தட்டில்லை. கோலாலம்பூரிலுள்ள பெரிய கம்பெனி, வங்கி, இன்ஷூரன்ஸ், வெளிநாட்டு ஏற்றுமதிக்காரர் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ஆங்கிலந்தான். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டு நேரே கடைக்கு வந்த நம்மைப் போன்றவர்கள் அங்கேதான் தடுமாறுகிறோம். சிலர் "போகட்டும்" என்று நஷ்டத்தை விழுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் கோபம் ஆறுமுன் சுடச்சுட எழுதி, முப்பது நாள் தவணை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி "இனிமேல் ரொக்கம்" என்று சொல்லும்படி செய்துகொள்கிறார்கள். இரண்டு வழியிலும் பணம் நம்முடையதுதான் போகிறது.

நம்மவர்கள் மரியாதை தெரியாமல் இப்படி எழுதுவதில்லை. தமிழில் "அனுப்புங்கள்" என்று சொன்னால், அந்த "ங்கள்" என்ற ஈற்றிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் இன்று கிடையாது. முன்னொரு காலத்தில் நெருங்கியவரை அழைக்க "தௌ" என்றொரு சொல் இருந்தது. அது பொது வழக்கிலிருந்து போய், எல்லாருக்கும் "யூ" ஒன்றே ஆயிற்று. ஆகவே நாம் "அனுப்புங்கள்" என்று மனத்தில் மரியாதையாக நினைத்து, "யூ செண்ட்" என்று எழுதும்போது, மரியாதை தமிழிலேயே தங்கிவிடுகிறது. வெறும் கட்டளைதான் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. முன்னால் ஒரு "ப்ளீஸ்" வைத்தாலும் கட்டளை கட்டளையே. அதைக் கேள்வியாக மாற்றி "குட் யூ ப்ளீஸ் செண்ட்" என்று எழுத வேண்டும். "அனுப்பித் தர முடியுமா?" என்று நாம் கேட்பதற்கு அது ஈடு.

பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மரியாதைப் பேச்சைப் பற்றி 1978-ல் ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார்கள். 1987-ல் அது தனி நூலாகவும் வந்தது. ஆங்கிலத்தோடு சேர்த்து அவர்கள் முக்கியமாக ஆராய்ந்த மொழிகள் இரண்டு. ஒன்று மெக்சிகோ நாட்டு மலைமக்களின் ட்ஸெல்டால். மற்றொன்று, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசும் நமது தமிழ்! எதிரே இருப்பவர் முகம் கோணாமல் காரியம் பேசும் உபாயங்கள் இம்மூன்று மொழிகளிலுமே உண்டென்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தமான வித்தை என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை.

ஊரில் மளிகைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் எப்படிக் குறை சொல்வார்கள்? "காக்கா, போன தடவைப் பருப்பிலே கொஞ்சம் வண்டு இருந்தாப்பல தெரிஞ்சுச்சு, இந்தத் தடவை பார்த்துப் போடுங்க" என்பார்கள். "நீங்கள் வண்டுப் பருப்பைத் தலையில் கட்டினீர்கள்" என்று யாரும் தொடங்குவதில்லை. "கொஞ்சம்" என்பதற்கு ஆங்கிலத்தில் "எ லிட்டில்" இருக்கிறது. "போலிருக்கிறது" என்பதற்கு "தேர் சீம்ஸ் டு பி" இருக்கிறது. பெட்டியை "உடைத்திருக்கிறீர்கள்" என்பதற்கும் பெட்டி "உடைந்திருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். முன்னது ஆளைக் குற்றம் சொல்கிறது. பின்னது பெட்டியின் நிலைமையைச் சொல்கிறது. அதைத்தான் ஆங்கிலத்தில் "யூ டேமேஜ்ட் த கார்ட்டன்" என்று எழுதாமல் "த கார்ட்டன் வாஸ் டேமேஜ்ட்" என்று எழுதுகிறார்கள்.

இருபது பெட்டி பிஸ்கட்டுக்கு ஆர்டர் கொடுத்து, பதினேழு வந்ததென்று வைத்துக்கொள்வோம். "யூ ஹேவ் சீட்டட் அஸ். செண்ட் த்ரீ பாக்ஸ் இம்மீடியட்லி" என்று எழுதினால், படிக்கிற குமாஸ்தா அதை மேலதிகாரியிடம் காட்டவே மாட்டார். லோரியில் ஏற்றியவர் வேறு, பில் போட்டவர் வேறு. மோசடி என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாரும் ஒரு கட்சியாகிவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

"வீ தேங்க் யூ ஃபார் த கூட்ஸ் ரிசீவ்ட் ஆன் மண்டே. ஆன் செக்கிங், வீ ஃபவுண்ட் செவண்டீன் கார்ட்டன்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ட்வெண்ட்டி. தேர் சீம்ஸ் டு ஹேவ் பீன் எ மிஸ்டேக் இன் லோடிங். குட் யூ ப்ளீஸ் செண்ட் த பேலன்ஸ் த்ரீ பை நெக்ஸ்ட் தேர்ஸ்டே, ஆர் அட்ஜஸ்ட் த பில்?"

திங்களன்று சரக்கு கிடைத்தது, நன்றி; எண்ணிப் பார்த்ததில் இருபதுக்குப் பதினேழுதான் இருந்தது; ஏற்றும்போது பிசகு நேர்ந்தது போலிருக்கிறது; மீதி மூன்றையும் வருகிற வியாழனுக்குள் அனுப்பவோ, அன்றேல் பில்லில் கழிக்கவோ இயலுமா? கடிதம் சொல்வது இவ்வளவே. ஆளைத் தொடும் இடங்களிலெல்லாம் பஞ்சு வைத்திருக்கிறது. பதினேழு, இருபது, மூன்று, வியாழன் என்ற கணக்கில் பஞ்சே இல்லை. "சம் பாக்ஸஸ்" என்று கணக்கை மழுப்புவது மரியாதை ஆகாது. அது எதிராளிக்கு வேலை வைப்பது. நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த "டு த நீட்ஃபுல்" என்ற வாசகமும் அப்படித்தான். வேண்டியதைச் செய்க என்றால், என்ன வேண்டுமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு கோடிக்கும் போகக்கூடாது. பழைய மனு எழுதுவோர் விட்டுப்போன பழக்கத்தால் "மோஸ்ட் ஹம்ப்ளி பெக்" என்று தாழ்மையோ தாழ்மையாக இரண்டு பத்தி எழுதி, குறையை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் பிச்சை கேட்பது போல் எழுதுவானேன்? "டியர் சர்" என்று தொடங்கி "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடித்தால் போதும். பெயர் தெரிந்து "டியர் மிஸ்டர்" இன்னார் என்று தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இவற்றை விட்டுவிடலாம். ஆனால் முழுவதையும் பெரிய எழுத்தில் தட்டாதிருக்கட்டும். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அது கூச்சலிடுவது போலத் தோன்றும்.

எழுதுவது போலவே, பிறர் எழுதியதைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று ஒரு கம்பெனிக்காரர் எழுதினால் அவர் எதற்கும் அஞ்சவில்லை, வருத்தத்துடன் மறுக்கிறார். "வித் ரெஸ்பெக்ட்" என்று தொடங்கினால் அடுத்து வருவது மறுப்புத்தான். வங்கியிலிருந்து "வீ ஆர் எ லிட்டில் கன்சர்ன்ட்" என்று வந்தால், அந்த "எ லிட்டில்" என்பதை நம்பிக் கடிதத்தை மேசைக்குள் போட்டுவிடக் கூடாது. அன்றே போய்ப் பார்க்கவேண்டும். மலைக்கு வரும் சுற்றுலாக்காரர் ஸ்ட்ராபெரிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து "நாட் க்வைட் ஃப்ரெஷ்" என்கிறார். கடைப் பையன் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு "யெஸ், யெஸ், ஃப்ரெஷ்!" என்று சிரிக்கிறான். அவர் பழம் வாடிவிட்டதென்று சொல்லியிருக்கிறார்.

மென்மையாக எழுதுவதென்றால் தாமதமாக எழுதுவதென்று பொருளல்ல. இந்நாட்டின் 1957-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 42-ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், வாங்கியவர் சரக்கை மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் தம்மிடம் வைத்துக்கொண்டால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். முகத்தாட்சணியம் பார்த்து இரண்டு மாதம் பேசாதிருந்தவர் பிறகு வாய்திறப்பது கடினம். 1999-ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்காக ஏற்பட்டது. கடையில் வைத்து விற்க வாங்கிய சரக்குக்கு அந்த நடுவர் மன்றம் வழிவிடாது. நமக்குக் கடிதந்தான் முதல் ஆயுதம்.

முதல் கடிதத்துக்கு ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால், "வீ ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட் எ ரிப்ளை டு அவர் லெட்டர் ஆஃப்" என்று தேதியைப் போட்டு, பழைய கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பவேண்டும். அந்த "யெட்" என்ற சிறு சொல்லுக்கு நல்ல கனமுண்டு. பதில் வருமென்று இன்னும் எதிர்பார்க்கிறோம் என்கிறது அது. மூன்றாவது கடிதத்தில் "சீம்ஸ்", "லிட்டில்" எல்லாம் போய்விடலாம். "அன்லெஸ் வீ ஹியர் ஃப்ரம் யூ பை ஃப்ரைடே, வீ ஷல் டிடக்ட் த அமௌண்ட்" என்று நேரே எழுதலாம்: வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வோம். முதல் இரண்டு கடிதமும் பதமாக இருந்தால்தான் மூன்றாவதன் உறைப்பு தெரியும்.

கடிதமே எழுத வேண்டாதபடி செய்ய ஒரு வழியுமுண்டு. லோரிக்காரர் டி.ஓ.வை நீட்டியதும், மழைக்கு அவசரமென்று அவர் சொன்னாலும், பெட்டியை எண்ணி முடித்து, கையெழுத்துக்கு மேலே "த்ரீ கார்ட்டன்ஸ் ஷார்ட்" என்று எழுதி, இரண்டு பிரதியிலும் அது விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தாளைக் கொடுக்கவேண்டும்.