நிகழ்பட எழுத்துவிளைவுச் செருகுநிரல்களில் தமிழ் எழுத்தலகு: சிக்கலும் தீர்வும்

முன்னுரை

ஊர்த் திருவிழா, திருமணம், கூத்து முதலியவற்றின் நிகழ்படப் பதிவுகளில் ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றுமாறு அமைப்பது இன்று பெருவழக்காகும். இதற்கெனத் தொகுப்பு மென்பொருள்களோடு இணைக்கப்பெறும் செருகுநிரல்கள் தமிழ்த் தொடர்களைப் பலவேளைகளில் சிதைத்துக் காட்டுகின்றன. இச்சிதைவு மென்பொருட் கோளாறாக மட்டும் கருதப்பட்டு வருகிறது. ‘எழுத்து’ என்னும் அலகைக் கணினி வரையறுக்கும் முறையிலேயே இதன் வேர் உள்ளது என்பதை, புதுச்சேரி ஊரகப் பகுதியைச் சார்ந்த பூரணாங்குப்பம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

இலக்கண எழுத்தும் ஒருங்குறியும்

தொல்காப்பிய மரபில் மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியாக்கத் தரத்தைப் பின்பற்றி, அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாக்கியது. அதன்படி ‘க’ ஒரு குறியிடம். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறியிடங்கள். உயிர் 12, அகர உயிர்மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி, ஆய்தம் என 43 குறியிடங்களைக் கொண்டே 247 எழுத்துகளும் எழுதப்படுகின்றன. சிக்கனமான இவ்வமைப்பில் எழுத்தெண்ணிக்கையும் குறியிட எண்ணிக்கையும் வேறுபடுகின்றன.

பூரணாங்குப்பம்: ஒரு சான்று

இச்சொல்லில் பூ, ர, ணா, ங், கு, ப், ப, ம் என எழுத்துகள் எட்டு, குறியிடங்களோ பதினான்கு. குறியிடங்களை எண்ணும் செருகுநிரல் இச்சொல்லைப் பதினான்கு படிகளில் வெளிப்படுத்தும். ‘பூ’ தோன்றுமுன் ‘ப’ தோன்றும்; ‘ங்’ தோன்றுமுன் ‘ங’ தோன்றும். இரு மாத்திரை நெடில் ஒரு மாத்திரைக் குறிலாகவும், அரை மாத்திரை மெய் ஒரு மாத்திரை உயிர்மெய்யாகவும் கணநேரம் காட்சி தருகின்றன. இவ்வாறு ஆறு இடங்களில் பிழை வடிவம் எழுகிறது.

புதுச்சேரிக்கே உரிய ஆட்சிச்சொல்லான ‘கொம்யூன்’ இதனினும் தெளிவான சான்றாகும். ‘கொ’வில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்பது. வடிவாக்கப் பொறி செயற்படாதவிடத்துக் கொம்பு தன் இடம் மாறி நிற்கும். எழுத்திடைவெளியைக் கூட்டும் விளைவுகளில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகவும் கூடும்.

கோளாறறியும் முறை

சிதைவின் காரணத்தை நான்கு படிகளில் அறியலாம்.

1. தொடரை எளிய உரைத்தொகுப்பியில் ஒட்டுக. உரோமன் எழுத்துகளாகத் தோன்றின் அது பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அமைந்தது. ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.
2. வெற்றுக்கட்டங்கள் தோன்றின் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதொரு எழுத்துருவை இட்டுப் பார்க்க வேண்டும்.
3. விளைவை நீக்கியபின்னும் கொம்பு இடம் மாறி நின்றால் குறை வடிவாக்கப் பொறியினது. அடோபி பிரீமியர் புரோவில் எழுத்துப் பொறியைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்குரியதாக மாற்றும் விருப்பத்தேர்வு உண்டு.
4. விளைவை நீக்கியதும் சீராயின் குறை செருகுநிரலின் எண்ணும் அலகினது. அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்சில் விளைவின் அலகை எழுத்திலிருந்து சொல்லுக்கு மாற்றலாம். அன்றி, தொடரைப் படமாக்கி மறைப்பால் சிறிது சிறிதாகத் திறக்கலாம்.

பழைய எழுத்துருக்குத் திரும்புதல் தீர்வாகுமா?

பாமினி வகை எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இடப்படுவதால் வடிவாக்கப் பொறி தேவைப்படுவதில்லை. தொகுப்பாளர் பலர் அவற்றைக் கைவிடாமைக்கு இதுவே காரணம் எனலாம். எனினும் அவற்றிலும் ‘கொ’ தோன்றும்போது கொம்பே முதலில் வரும். மேலும் அவ்வாறு எழுதப்பட்ட துணையுரைகள் தேடலுக்கு உட்படா. கூத்துப் பாடலும் வாய்மொழி வழக்காறும் பதிவாகும் நிகழ்படங்களில் இவ்விழப்பு ஆய்வுலகின் இழப்பாகும்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்பளித்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கம் எழுத்தொன்றுக்குக் குறியிடம் ஒன்று தருவது. எண்ணும் சிக்கல் அதில் எழாது. ஆயின் அது தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுவான செருகுநிரல்கள் அதனைத் தமிழென அறியா.

முடிவுரை

ஒருங்குறி அமைப்பே, குறியிடங்களை எழுத்துக்கொத்துகளாகப் பகுக்கும் விதியை வகுத்துள்ளது. அவ்விதியால் பூரணாங்குப்பம் எட்டுக் கொத்துகளாகவே பிரியும். இலக்கண எண்ணிக்கையோடு அது முற்றும் பொருந்தும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகிய கிரந்தக் கூட்டுகள் மட்டும் இவ்விரண்டாகப் பிரிவன. அவற்றுக்குத் தனிவிதி வேண்டும். எனவே செருகுநிரல் ஆக்குவோர் குறியிடத்தை விடுத்துக் கொத்தை அலகாகக் கொள்வதே நிலையான தீர்வாகும். எழுத்து எது என வரையறுத்துரைக்கும் பணி இலக்கணம் பயின்றோர்க்கு உரியது. கணித்தமிழில் அப்பணி இன்னும் நிறைவுறவில்லை.