காலண்டரில் ஒரு வட்டம்

நியூசிலாந்தில் வந்து இறங்கி மூணு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் குடிக்கிற காபியின் டாலர் விலையை எல்லாம் ரூபாயாக்க ஐம்பதால் பெருக்கிப் பெருக்கி முகம் வாடிக்கொண்டிருக்கிறாய். நானும் பெருக்கினவள்தான். ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடும், விடு. ஆனால் போன ஞாயிறு உன் சாண்ட்ரிங்ஹாம் வீட்டு மேஜையில் பிரிக்காத கவர் மூணு கிடந்தது. பக்கத்தில் ஊரிலிருந்து சுமந்து வந்த நாவல், பாதி படித்துக் கவிழ்த்து வைத்தபடி. அந்தக் கவர்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஐஆர்டி நம்பர், அதாவது இங்கத்திய வரி எண். அதையும் வரிக் குறியீட்டுப் படிவத்தையும் வேலையிடத்தில் கொடுக்காதவரை சம்பளத்தில் 45 சதவீதம் வரியாகப் போய்விடும். வங்கி டெபாசிட் வட்டிக்கும் இதே கதைதான். நம்பர் வந்த அன்றைக்கே இரண்டு இடத்திலும் கொடுத்துவிடு.

இப்போது நான் சறுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். இதற்கு முந்தைய பத்து வருஷத்தில் இந்த நாட்டில் வரி செலுத்தும் குடியாளாக இல்லாதவர்களுக்கு, வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், வாடகை இவற்றுக்கெல்லாம் சுமார் 48 மாதம் வரிவிலக்கு உண்டு. ஆயுளில் ஒரே தடவைதான். பன்னிரண்டு மாதத்துக்குள் 183 நாளுக்கு மேல் இருந்துவிட்டால், அந்த நாட்களில் முதல் நாளிலிருந்தே நீ குடியாள் என்று கணக்கு ஓடத் தொடங்கும். நீ இறங்கிய மாதத்திலிருந்து நாலு வருஷம் எண்ணி, காலண்டரில் இன்றைக்கே சிவப்பு மையில் வட்டம் போடு.

நான் போடவில்லை. திருச்சியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ டெபாசிட் இருந்தது. 'வரி கிடையாது' என்று வங்கிக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் அது இந்தியாவில். நாலு வருஷம் முடிந்த பிறகு அதே வட்டிக்கு இங்கே வரி உண்டு. ஒன்றரை வருஷம் கழித்து இதைக் கண்டுபிடித்து, நானாகவே இங்கத்திய வரித்துறையான இன்லேண்ட் ரெவின்யூவுக்கு எழுதி, பாக்கியோடு வட்டியும் கட்டினேன். உன் அத்தான் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தச் சலுகையில் இரண்டு பொடி எழுத்து உண்டு. ஒன்று, பிள்ளைகளுக்காக 'வொர்க்கிங் ஃபார் ஃபேமிலீஸ்' உதவிப் பணம் கேட்டு நீயோ மாப்பிள்ளையோ விண்ணப்பித்தால் விலக்கு போய்விடும். எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இன்னொன்று, இங்கே உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்து வாங்கும் காசுக்கு இந்த விலக்கு கிடையாது.

மாப்பிள்ளையின் மியூச்சுவல் ஃபண்டும் பங்குகளும் வாங்கிய விலையில் 50,000 நியூசிலாந்து டாலரைத் தாண்டியிருந்தால், விலக்கு முடிந்த பின் எஃப்ஐஎஃப் என்று ஒரு விதி வரும். விற்காவிட்டாலும் வருமானம் வந்ததாகவே வைத்து வரி போடுவார்கள். பழைய கம்பெனி பி.எஃப். பணத்தையும் நாலு வருஷத்துக்குள் எடுப்பதா, பிறகா என்பதைக் கணக்கரிடம் கேட்டுவிட்டு முடிவு செய். ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாலும் பரவாயில்லை. நல்லவேளை, இங்கேயும் ஊரிலும் வரி வருஷம் மார்ச் 31இல்தான் முடிகிறது, இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். அப்படியே ஊர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக்கிவிடு. வெளிநாட்டில் குடியேறிய பின் பழையபடியே வைத்திருப்பது சட்டப்படி சரியில்லை.

கிவிசேவர் பற்றிக் கேட்டாய். 2007இல் தொடங்கிய ஓய்வுக்காலச் சேமிப்பு அது. வேலை விசாவில் இருக்கும்வரை உனக்குக் கிடையாது, ரெசிடென்ட் விசா வந்ததும் யாராவது சேர்த்துவிடுவார்கள் என்று காத்திராமல் நீயே சேர்ந்துவிடு. 2026 ஏப்ரல் 1 முதல் உன் சம்பளத்தில் 3.5 சதவீதம், முதலாளியும் அதே அளவு. வருஷத்துக்கு 1,042.86 டாலர் உன் பங்காகப் போட்டால் அரசு 260.72 டாலர் சேர்க்கும். முன்பு இதைப்போல இரண்டு மடங்கு தந்தார்கள், 2025 ஜூலையில் பாதியாக்கிவிட்டார்கள்.

வாடகை இங்கே வாரக் கணக்கு. வாரம் 600 என்றால் மாதம் 2,400 என்று மனம் தப்புக் கணக்குப் போடும். 52 வாரத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார், 2,600. அட்வான்ஸாகத் தரும் பாண்டு நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதை வீட்டுக்காரர் 23 வேலை நாளுக்குள் டெனன்சி சர்வீசஸில் கட்ட வேண்டும். எங்கள் முதல் வீட்டுக்காரர் பையிலேயே வைத்துக்கொண்டார், நான் கேட்கவும் இல்லை. உனக்கு ரசீது வந்ததா? அந்த மூணு கவரில் ஒன்றாகத்தான் இருக்கும், பிரித்துப் பார்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தில் மயங்காதே. டாலருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் ஆயிரம் டாலரில் ஆயிரம் ரூபாய் போச்சு. அம்மா கையில் கடைசியில் எத்தனை ரூபாய் சேரும் என்று மட்டும் நாலு இடத்தில் ஒப்பிடு.

காப்பீட்டு ஏஜென்ட் வருவார். தவறி விழுந்து கை ஒடிந்தால் அரசின் விபத்துக் காப்பீடான ஏசிசி பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் வாரத்துக்குப் பிறகு சம்பளத்தில் 80 சதவீதம்வரை தரும். ஆனால் அது விபத்துக்குத்தான், நோய்க்கு இல்லை. காப்பீடு எடுப்பதானால் அந்த ஓட்டையை அடைக்கிறதா என்று பார்த்து எடு.

நாவலை இனி விமானத்தில் சுமக்காதே, கிலோவுக்குக் காசு. ஆக்லாந்து நூலக அட்டை இலவசம், தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். லிபி செயலியில் மின்னூல் எடுக்கலாம். தமிழுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூலுக்கு நூலகம் தளம், இரண்டும் காசில்லாமல். கடன், வீடு, சேமிப்புக் கணக்கெல்லாம் எளிமையாகப் படிக்க 'சார்ட்டட்' தளம் இருக்கிறது. ஓய்வூதிய ஆணையம் நடத்துவது, எதையும் விற்காது.

தூக்கம் வராத இரவில் தமிழ் மணியின் கதையைத் தேடிப் படி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்கே வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கல மணியைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்திருக்கிறார். மணியைச் சுற்றித் தமிழ் எழுத்து, முகைதீன் என்று தொடங்கும் பெயருள்ள ஒருவரின் கப்பல் மணி என்று. இன்று வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு முன்னால் வந்து, சமையலறையில் மாட்டிக்கொண்ட முதல் தமிழ்ச் சாமான்!

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் நில், அவொன்டேல் சந்தைக்குப் போகலாம். கீரை, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். பை இரண்டு எடுத்துக்கொள், சில்லறை நோட்டும். அப்படியே அந்த மூணு கவரையும்.