விளையாத மண்ணில் விளைந்த புகழ்

கொக்கோ மரம் வெப்பமண்டலத்திற்கு உரியது. பனிமலை நாடான சுவிட்சர்லாந்தில் அது வளர்வதில்லை. எனினும், சாக்லெட் என்றவுடன் அந்நாடே நினைவிற்கு வருகிறது. இப்புகழ் எங்ஙனம் வாய்த்தது?

1819ஆம் ஆண்டு பிரான்சுவா லூயி காயே என்பவர் வெவே நகருக்கு அருகில் சாக்லெட் ஆலை ஒன்றை நிறுவினார். அவர்தம் மருமகன் தானியேல் பீட்டர் மெழுகுவத்தி செய்து வந்தவர். மண்ணெண்ணெய் விளக்கின் வரவால் அத்தொழில் நலியவே, சாக்லெட் செய்யத் தொடங்கினார். கொக்கோவின் கசப்பைப் பாலால் தணிக்க எண்ணினார். ஆனால், பாலிலுள்ள நீர் கொக்கோவின் கொழுப்போடு கலக்க மறுத்தது. பல்லாண்டு முயன்று, நீர் வற்றச் செய்த கெட்டிப்பாலைக் கொண்டு 1875இல் பால் சாக்லெட்டை உருவாக்கினார்.

1879இல் பெர்ன் நகரத்து ரொடால்ப் லிண்ட், சாக்லெட் குழம்பை நெடுநேரம் இடைவிடாது கலக்கும் முறையைக் கண்டார். நறநறப்பு நீங்கி மென்மை பிறந்தது. கொக்கோ வெண்ணெய் நம் உடல் வெப்பத்திற்குச் சற்றுக் கீழேயே உருகும் இயல்பினது. ஆதலின் அது நாவில் பட்டதும் கரைகிறது.

மண் தராத புகழை முயற்சி தந்தது. ஆயினும், உலகக் கொக்கோவில் ஏறத்தாழப் பாதியை விளைவிப்போர் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளின் உழவர்கள். அவருட் பலர் வறியவர். இனிப்பைச் சுவைக்கும் நாம் அவர்தம் உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் அறமாகும்.