ஆடிட்டர் ஆபீசில் செப்டம்பர் மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. தியாகராய நகர் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் இன்டர்வியூ முடிந்து பத்து நாளாகியும் பதில் இல்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறாள் என்று உன் அப்பன் சொன்னான்.

நீ போன தேதியைக் கொஞ்சம் பார். செப்டம்பர் 12. அடுத்து 15-ஆம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 30-ஆம் தேதி டாக்ஸ் ஆடிட் கெடு. ஆயுசில் பாதியை ஆடிட்டர் ஆபீசில் கழித்தவன் சொல்கிறேன், இந்த மாதக் கடைசியில் அங்கே ஆள் எடுக்கும் நினைப்பே யாருக்கும் இருக்காது. வருடம் முழுக்கத் தலைகாட்டாத பார்ட்டி, 27-ஆம் தேதி ராத்திரி பேங்க் ஸ்டேட்மென்டைக் கட்டைப்பையில் கொண்டுவந்து கொட்டுவார். போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மேஜைக்கு மேஜை ஓடும். கெடுவை நீட்டுவார்களா என்று அரைமணிக்கொரு தரம் யாராவது கேட்பார்கள் (அது தனி வைபவம்). எந்தக் கேள்விக்குத் தப்பாகச் சொன்னோமோ என்று நீ மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

ஆனால் அவர்களுக்கு நேரமில்லை என்பதற்காக நீ உட்கார்ந்திருக்க முடியாது. வேறு வேலையென்றால் ஒரு மாதம் தள்ளிச் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளம் போகும், அவ்வளவுதான். ஆர்ட்டிகிள்ஷிப்பில் இரண்டு வருடம் முடித்து, அதன்பின் ஆறு மாதம் கழித்துத்தான் சி.ஏ. ஃபைனல். சேரும் தேதி சில நாள் தள்ளினாலே ஒரு அட்டெம்ப்ட் கைவிட்டுப் போகலாம். காலண்டரை எடுத்து, எழுத நினைக்கும் ஃபைனலிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார். உன் கெடு எது என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் பிறந்ததும் போன் செய். 31-ஆம் தேதி வருமான வரி ரிட்டர்ன் கெடு நெருங்குவதற்குள் அவர்கள் மூச்சுவிடுவது அந்தச் சில நாள்தான். வாட்ஸ்ஆப்பில் நாலு வணக்கம் அனுப்பாதே. "சார், இத்தனாம் தேதிக்குள்ள சேரணும். உங்க முடிவு தெரிஞ்சா வேற இடத்துக்குப் பதில் சொல்ல வசதியா இருக்கும்" என்றால் போதும். கெஞ்சாதே.

வேற இடம் என்று சொல்ல, வேற இடம் இருக்க வேண்டுமே! இன்றைக்கே இன்னும் நாலைந்து ஆபீசுக்கு பயோடேட்டா அனுப்பு. பெரிய பேர் உள்ள இடம்தான் வேண்டும் என்கிறான் உன் அப்பன். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரே கம்பெனியின் ஃபிக்ஸட் அசெட் ரிஜிஸ்டரையே மாதக்கணக்கில் டிக் அடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சின்ன ஆபீசில் டி.டி.எஸ். முதல் பேலன்ஸ் ஷீட் வரை எல்லாம் உன் தலையில் விழும். விழட்டும்.

கூப்பிட்டால் சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடாதே. "முதலில் ஒரு மாதம் வந்து பாரும்மா, பதிவு அப்புறம்" என்பார்கள் சிலர். பதிவாகாத மாதம் உன் இரண்டு வருடக் கணக்கில் சேராது. சேர்ந்த 30 நாளுக்குள் 103-ஆம் எண் படிவம் சி.ஏ. இன்ஸ்டிடியூட்டுக்குப் போக வேண்டும். பரீட்சை லீவு எத்தனை நாள் என்றும் அப்போதே கேட்டுக்கொள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா