லென்ஸ் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

'நோ டிஸ்க்' என்று திரையில் காட்டிய அன்றைக்கே பலர் சிடி பிளேயரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். "லென்ஸ் போயிடுச்சு சார், இனிமே கிடைக்காது" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்திருப்பார்கள். அப்படிப் பரணுக்குப் போன பிளேயர்கள் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். தூசி, காய்ந்துபோன கிரீஸ், தளர்ந்த பெல்ட் இவைதான் பெரும்பாலும் கோளாறு. லென்ஸ் பிழைத்தே இருந்தது.

எண்களை வைத்துப் பார்த்தால் சிடி இன்று உச்சத்தில் இல்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். 1982இல் கடைக்கு வந்தபோது இருந்த அதே கணக்குதான் இன்றும். இந்தத் தரத்தையும் இதற்கு மேலானதையும் ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாமல் தருகிறது. இருந்தும் நான் சிடியை விடாததற்குக் காரணம், தகட்டில் இருக்கும் குறிப்பிட்ட அந்தப் பிரதி. 1980களில் அமெரிக்காவிலிருந்து ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா சிடி ஒன்று உங்களிடம் இருந்தால், அன்றைக்கு டேப்பிலிருந்து எப்படி மாற்றினார்களோ அப்படியே அது இருக்கும். செயலியில் ஓடும் அதே பாட்டு எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. நாளை அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் நமக்குத் தெரியவராது. 2024இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியை மூட முடிவெடுத்தபோது, அதில் பாட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

ஆகவே பிளேயரைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

முதலில், மூன்று தகடுகளை வைத்துச் சோதனை

கீறலில்லாத கம்பெனி சிடி ஒன்று, கொஞ்சம் கீறல் விழுந்த பழைய சிடி ஒன்று, வீட்டில் பதிவுசெய்த சிடி-ஆர் ஒன்று. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சிடி-ஆர் தகடு கம்பெனி சிடியைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். லேசர் பலவீனமாகும்போதும் லென்ஸில் தூசி படியும்போதும் முதலில் அதைத்தான் படிக்கத் திணறும்.

எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். பாடல்களின் அட்டவணை நடுத் துளையை ஒட்டிய உள்வட்டத்தில் இருக்கிறது. அங்கே தகடு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும், விளிம்புக்குப் போகப் போக 200 வரை குறையும். தகட்டைப் போட்டவுடன் 'நோ டிஸ்க்' வந்தால் அட்டவணையையே படிக்கவில்லை என்று பொருள். லென்ஸையும் தகட்டைச் சுழற்றும் மோட்டாரையும் சந்தேகப்படுங்கள். முதல் ஐந்து பாட்டு ஒழுங்காக ஓடி, கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவினால், லென்ஸை நகர்த்திச் செல்லும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். தகட்டின் ஓரத்தில் கைரேகையும் இருக்கலாம். தகட்டை ஏந்தும் தட்டே வெளியே வரவில்லை என்றால் அது பெல்ட்.

திறந்து துடைப்பது

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மேல்மூடித் திருகுகளைக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று தெரிய ஒரு தாளில் வரைந்து அதன்மேல் வையுங்கள். மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஓடவிட்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி விழித்திரையைச் சுடக்கூடியது.

லென்ஸ் ஒரு சின்ன நீலப் பொட்டு மாதிரி இருக்கும். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் தொட்டால் ஆடும், அது கோளாறில்லை. கேமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் முதலில் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. லென்ஸின் மேல் வைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்று. காய்ந்த குச்சியால் ஒருமுறை. அவ்வளவுதான். அடியில் குட்டித் தூரிகை ஒட்டிய 'லென்ஸ் கிளீனர்' சிடிகளை நான் பயன்படுத்துவதில்லை. சுழலும் தூரிகை அந்த மெல்லிய கம்பித் தொங்கலில் மோதுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி வாங்கமாட்டார்கள்.

லென்ஸ் நகரும் இரும்புத் தண்டில் பழைய கிரீஸ் பழுப்பாக இறுகியிருந்தால், அதே ஆல்கஹாலால் துடைத்தெடுத்துவிட்டு, புதிய கிரீஸைத் தீக்குச்சி முனையளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாள் ஓடும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட மோசமாக இறுகும்.

தட்டை நகர்த்தும் பெல்ட்டைக் கழற்றி விரலால் இழுத்துப் பாருங்கள். பழைய வடிவத்திலேயே விறைத்து நின்றால் மாற்ற வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனால் அளவு பார்த்து வாங்கலாம். அதே அளவு இல்லையென்றால் சற்றே சிறியதை வாங்குங்கள். பெரியது வழுக்கும்.

லென்ஸை மாற்ற வேண்டிவந்தால்

இவ்வளவும் செய்தபின்னும் கீறலில்லாத கம்பெனி சிடியைப் பிளேயர் படிக்கவில்லை என்றால், லென்ஸ் பாகத்தின் லேசர் பலவீனமாகியிருக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. லென்ஸ் பாகத்தின் பக்கவாட்டிலோ அடியிலோ குட்டித் திருகு ஒன்று இருக்கும். லேசருக்குப் போகும் மின்சாரத்தை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அதைக் கொஞ்சம் திருகினால் செத்த பிளேயரும் எழுந்து பாடும். என் பிளேயரை ஒரு கடையில் அப்படித்தான் 'சரிசெய்து' கொடுத்தார்கள். அருமையாகப் படித்தது. மூன்றாவது மாதம் லேசர் அடியோடு போயிற்று. அதிக மின்சாரம் தின்ற லேசர் சீக்கிரம் எரியும் என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால், கடையை விட்டு வருமுன்பே அந்தத் திருகைப் பற்றிக் கேட்டிருப்பேன். நீங்கள் கேளுங்கள்: "லென்ஸ் மாத்தினீங்களா, பவர் ஏத்தினீங்களா?"

உங்கள் பிளேயரின் லென்ஸ் கிடைக்குமா என்பது அதன் விலையைப் பொறுத்ததன்று. மூடியைத் திறந்தால் லென்ஸ் பாகத்தின் மேல் ஒரு எண் இருக்கும். சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை எத்தனையோ பிளேயர்களில் போடப்பட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் இன்னும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. மாறாக, 1980களில் உயர்தரப் பிளேயர்கள் பலவற்றில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடிஎம் வரிசையின் ஆரம்பகால இயந்திரங்கள், கை வீசுவதுபோல் லென்ஸை நகர்த்துபவை. வேலைப்பாட்டில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அவை இப்போது தயாரிக்கப்படுவதில்லை. கெட்டால் இன்னொரு பழைய பிளேயரைப் பலியிட்டுத்தான் பாகம் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் ஒருகாலத்தில் உலகின் மிக உயர்ந்த சிடி பிளேயர்களில் சிலவற்றைச் செய்தது. 2009இல் அந்தத் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. பழைய பிளேயர் வாங்கப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன் லென்ஸ் எண்ணைப் பார்க்கட்டும்.

புதிய லென்ஸ் பாகம் கைக்கு வந்தால், சின்ன ஈயப் பொட்டு ஒன்று இரண்டு புள்ளிகளை இணைத்தபடி இருக்கும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் லேசரைக் கொல்லாமல் இருக்க வைத்த காவல் அது. நாடாக் கம்பியைச் செருகிய பிறகே சால்டரிங் அயர்னால் அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புதிய லென்ஸும் படிக்காது. இந்த வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது, ஆனால் பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

லென்ஸ் எங்குமே கிடைக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு. சில உயர்தரப் பிளேயர்களின் பின்புறம் 'டிஜிட்டல் இன்' துளை இருக்கும். டிஜிட்டல் வெளியீடு உள்ள சாதாரண டிவிடி பிளேயரை அதில் இணைத்துவிட்டால், தகட்டைப் படிப்பது அது, ஒலியாக மாற்றுவது உங்கள் பழைய பிளேயர்.

பிளேயர் வாங்கும்போது

ஜப்பானிலிருந்து வந்த பழைய பிளேயர்கள் நம்மூர்ச் சந்தையில் நிறைய. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; இங்கே 230. பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால் பிளேயர் அந்த நொடியே போய்விடலாம். அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 120 வோல்ட். வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்தது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பழையதே வேண்டாம் என்பவர்களுக்கு மராண்ட்ஸ், டெனான், ரோட்டல் போன்றவர்கள் சிடி பிளேயர் செய்வதை இன்னும் விடவில்லை.

ஆம்ப்ளிபயரில் 'சிடி' அல்லது 'ஆக்ஸ்' துளையில் செருகுங்கள். 'போனோ' துளை கிராமபோனுக்கானது. சிடி பிளேயரின் 2 வோல்ட்டை அது தாங்காது, ஒலி கரகரக்கும். பிளேயரை ஆம்ப்ளிபயரின் தலையில் ஏற்றாதீர்கள், சூடு ஏறும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். ஏசி அறையிலிருந்து பிளேயரையோ தகட்டையோ வெளியே கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் விட்டு ஓட்டுங்கள். லென்ஸில் ஈரம் பூத்திருக்கும். எதுவும் கேட்காவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு தகட்டை முழுக்க ஓடவிடுங்கள். கிரீஸ் இறுகாமல் இருக்க இதைவிட எளிய வைத்தியம் கிடையாது.

தகடுகள்

பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆபத்து மேல்பக்கத்தில் இருக்கிறது. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பாலிகார்பனேட் காவல் நிற்கிறது. மேலே, பெயர் அச்சிட்ட பக்கத்தில், அலுமினியப் பூச்சுக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். அங்கே விழும் கீறல் பாட்டையே சுரண்டிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் ஆங்காங்கே தெரிந்தால் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டது.

அழுக்கான தகட்டை ஓடும் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் தேய்த்துக் கழுவலாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தோடு நீளமாகப் படுத்துக்கொள்ளும். குறுக்கே விழுந்த கீறலைப் பிழைதிருத்தும் ஏற்பாடு நிரவிவிடும். தடத்தோடு நீளும் கீறலை அதனால் சமாளிக்க முடியாது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த பஞ்சுத் துண்டும் தாளும் ஈரத்தை உறிஞ்சி, தகட்டில் பூஞ்சை பூக்கும். பஞ்சை எடுத்துப் போடுங்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள்.

பழைய தகடு வாங்கும்போது அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் அது யாரோ வீட்டில் பதிவுசெய்தது. நூறு பாட்டு என்று அட்டையில் போட்டிருந்தால் அது எம்பி3. ஒரு ஆடியோ சிடியில் ஏறுவது சுமார் 74 முதல் 80 நிமிடம்தான். ஒரே படத்தின் பாட்டுக்கு இரண்டு பதிப்பு கிடைத்தால் நான் முதல் பதிப்பையே எடுப்பேன். 1990களுக்குப் பிறகு பல மறுபதிப்புகளில் ஒலியளவைக் கூட்டிக் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் இருந்த தூரத்தைக் குறுக்கிவிட்டார்கள். தபேலாவின் முதல் தட்டு காதில் வந்து விழும் விதம் அங்கே மாறிப்போகிறது. கர்நாடகக் கச்சேரி கேட்பவர்கள் சென்னையின் சார்சுர் வெளியிட்ட நேரடிக் கச்சேரிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். கிருதி முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் பாடல் எண் மாறினாலும் சபாவின் சத்தம் அறுபடாமல் தொடர்வதைச் சிடி பிளேயர் அப்படியே காப்பாற்றித் தரும்.

கடைசியாக, பிரதி

பிரதியெடுக்காமல் விட்டால் மேலே சொன்ன அத்தனையும் பாதி வேலை. மறுபடி கிடைக்காத தகடுகளை முதலில் எடுத்துவையுங்கள். கணினியில் ஒரு சாதாரண டிவிடி டிரைவும், எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளும் போதும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே அது எழுதும். அதே தகட்டைப் பிரதியெடுத்த மற்றவர்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பொருந்துகிறதா என்றும் சொல்லும். பிளாக் (FLAC) வடிவில் வையுங்கள். தகட்டின் அளவில் ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், ஒரு பிட்டும் குறையாது. இரண்டு வன்தட்டில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள்.

பிரதியெடுத்த தேதியையும், தவறு வந்த பாட்டின் எண்ணையும் அட்டைத்தாளின் உட்புறம் பென்சிலால் எழுதிவிட்டுத் தகட்டைப் பெட்டியில் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே தகட்டை மறுபடி பிரதியெடுக்கும்போது, தவறு கூடியிருக்கிறதா என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.