டோமஹாக் என்னும் கைக்கோடாலியைச் செப்பஞ் செய்யுமாறு

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பௌஹாத்தன் மக்களின் மொழியினின்று ஆங்கிலத்திற் புகுந்த சொல் டோமஹாக் என்பது. ஐரோப்பியர் வருமுன் அந்நாட்டுப் பழங்குடியினர் கல்லைத் தீட்டிக் காம்பிற் பிணித்து வழங்கினர். பின்னர், விலங்கின் தோலுக்கு மாற்றாக இரும்புத் தலைகள் வணிகர் வாயிலாக வந்தன. 1804-05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மிசௌரி ஆற்றங்கரையில் தங்கிய லூயிஸ், கிளார்க் என்பாருடைய கூட்டத்துக் கொல்லர், மாண்டன் மக்களுக்குப் போர்க்கோடாலிகள் அடித்துக் கொடுத்து மக்காச்சோளம் பெற்றனர். அக்கூட்டத்தார் உணவுக் குறைவின்றி அக்குளிரைக் கழித்தமைக்கு அவ்வுலைக்களமும் ஒரு காரணமாயிற்று.

பழைய முறையில், இரும்புத் தகட்டை வளைத்துக் காம்பு நுழையுங் கண்ணை அமைத்து, இருமுனைகளையும் பற்றவைத்து, வாய்ப்புறத்தில் எஃகுத் துண்டொன்றைச் சேர்ப்பர். உலைக்களம் இல்லாதார் இந்நாளில் எஃகினால் வார்த்த தலையை வாங்கித் தாமே முடித்துக்கொள்கின்றனர். வார்ப்பு மரபுக்குப் புறம்பென்பாரும் உளர். பித்தளையில் வார்த்து வாயில் எஃகு பதித்த பழந்தலைகளும் உண்மையின் அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. ஆயினும், அச்சினின்று எடுத்த தலை அவ்வாறே பயன்படாது. அச்சின் இரு பாதிகள் கூடிய தழும்பு அதன்மேல் வரம்புபோல் ஓடும், மேனி சொரசொரப்பாயிருக்கும், கண்ணின் உட்புறத்தில் மேடும் பள்ளமும் காணப்படும்.

புதிதாக இவ்வேலையிற் புகுவார் பெரும்பாலும் பக்கங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கவே விரைகின்றனர். கண்ணிலிருந்தே தொடங்குதல் வேண்டுமென்பது எமது கருத்து. ஏனெனில், இக்கோடாலிக்கு ஆப்பு இல்லை. நம் நாட்டுப் பிக்காசுக்குப்போல, காம்பின் மெல்லிய முனையை மேலிருந்து நுழைத்துக் கீழே இழுப்பர். பருத்த மேல்முனை கண்ணில் இறுகி நிற்கும். வீசுந்தோறும் தலை வெளிநோக்கி இழுக்கப்படுதலால் பிடி மேலும் இறுகும். ஆனால், கண்ணினுள் ஒரு மேடு எஞ்சியிருப்பின் காம்பு அவ்வோரிடத்தையே பற்றி நிற்கும். முதல் நாளில் அசைவின்றித் தோன்றும். சின்னாட் பயன்பட்டபின் அவ்விடத்து மரம் நசுங்கித் தலை ஆடத் தொடங்கும். கூரிய இரும்பு ஆடுங்காற் கையாள்வோனுக்கு மட்டுமன்று, அருகில் நிற்போருக்கும் இடையூறே.

ஆதலின் தலையை வைஸில் இறுக்கி, அரைவட்ட அரத்தால் உள்மேடுகளை மட்டும் நீக்குக. கண் மேல்வாயில் அகன்றும் கீழ்வாயிற் சிறிது ஒடுங்கியும் இருத்தல் வேண்டும். கீழ்வாயை அகலமாக்கிவிடின் எக்காம்பும் இறுகாது. அராவிய இரும்பை மீட்டும் ஒட்டவைத்தல் இயலாதாகலின் இங்கே விரைவு ஆகாது. பின்னர் விளக்குக் கரியைக் கண்ணினுள் தடவிக் காம்பைச் செருகி எடுத்தால், மரத்தில் முட்டும் இடங்கள் கறுத்துத் தோன்றும். அவ்விடங்களை மட்டும் மர அரத்தாற் சீவி மீண்டும் செருகுக. கறை சுற்றிலும் ஒரு சீராகப் படியும்வரை பத்து முறையாயினும் இதனைச் செய்தலே நன்று. காம்பு நன்கு உலர்ந்த ஹிக்கரி அல்லது ஆஷ் மரமாயின் சிறப்பு. அதன் இழை முனைக்கு முனை நேரே ஓடவேண்டும்.

மேனி வேலை இதனினும் எளிது. அரம் வாயில் பற்றாமல் வழுக்கினால் அப்பகுதி முன்னரே கடினப்படுத்தப்பட்டதென்று அறிக, பற்றினால் மென்மையானதாகும். தழும்பை நீக்கியபின் அரத்தைக் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்தால் மேனி சமனாகும். பின்பு எமரித் தாள் போதும். சுழலும் சாணையை வாயில் வைப்போர் அடிக்கடி நீரிற் குளிரச் செய்தல் வேண்டும். ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடில் எஃகு நீலநிறம் அடையும். வாய் அந்நிறங் கொண்டால் கடினம் குறைந்து, கூர் நில்லாது.

சிலர் அமிலத்தால் அரித்துக் குழிகள் உண்டாக்கிப் பழம்பொருளெனக் காட்டுகின்றனர். அடித்த பழந்தலைகள் பலவற்றிற் காணப்படும் பற்றவைப்பின் கோடு வார்ப்பில் இராதாகலின் தேர்ந்தார் அதனைக் கண்டுகொள்வர், தேராதார் பொருளிழப்பர். அரத்தின் சுவடு தெரியும் வெறும் இரும்பே எமக்கு உவப்பானது.

இறுதியாகக் காம்பிற்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி உலரவிடுக. வறண்ட காலத்தில் மரம் சுருங்கித் தலை தளர்ந்தால், தலைப்புறம் கீழாகப் பிடித்துக் காம்பின் பருத்த முனையைக் கட்டையொன்றின்மேல் இரண்டொரு முறை தட்டினால் மீண்டும் இறுகும்.