நூலும் கோலும்

நுழையும்முன்

கட்டடம் என்றதும் கல்லும் மணலும் நினைவுக்கு வருகின்றன. கல் வந்து இறங்குவதற்குப் பல திங்களுக்கு முன்பே அக்கட்டடம் ஒரு மேசையின்மீது பிறந்துவிடுகிறது. அந்த மேசையைச் சுற்றிச் சிலர் கூடி உழைக்கும் இடமே வடிவமைப்பகம். கலையும் கணக்கும் ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டிய அவ்விடத்தை உருவாக்குவதும் நடத்துவதும் எத்தகைய பணி என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மதுரையின் மேற்கே கோச்சடையில், மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்றினுள் ஒரு கட்டடம் நிற்கிறது. இன்று அது தங்கும் விடுதியின் ஒரு பகுதி. 1970-களின் தொடக்கத்தில் மதுரை நூற்பாலை நிறுவனத்தாரின் மன்றமாக அது எழுப்பப்பட்டது. அதனை வடிவமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. கடல் கடந்து வந்த அவர், இவ்வூர்க் கல்லையும் இவ்வூர்க் கொத்தர்களின் கைப்பழக்கத்தையும் நம்பி அதனைக் கட்டினார். வெளியூர்க் கலைஞர் ஒருவர் நம் மண்ணின் வெயிலை நம்மைவிடக் கூர்ந்து பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலிருந்து புறப்படும் மாணவர் காலையில் சென்று மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அது இருக்கிறது.

பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, வழக்குரைஞராகவும் சிறிது காலம் பணியாற்றினார். அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. பெந்தோட்டைக்கு அருகில் லுணுகங்கை என்னும் பழைய தோட்டம் ஒன்றை வாங்கி, அதனைத் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கத் தொடங்கினார். விருப்பம் இருந்தது, நுட்ப அறிவு போதவில்லை. ஆகவே மீண்டும் மாணவராகி, இலண்டனில் கட்டடக்கலை பயின்று, 1957-இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பள்ளி இறுதி வகுப்பிலேயே வாழ்வின் திசை முடிவாகிவிட வேண்டும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இச்செய்தியைச் சொல்லலாம்.

கொழும்புக்குத் திரும்பிய அவர், 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' என்னும் பழைய நிறுவனத்தில் சேர்ந்து அதனைப் புதிதாக்கினார். இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பாவாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் மேதைமையைப் பேசுகின்றனர். அவருடைய அலுவலகத்தைப் பேசுவோர் குறைவு. 1959-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இளம் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் அவருடன் இணைந்தார். ஏறத்தாழ ஏழாண்டுகள் இருவரும் ஒருங்கே பணியாற்றினர். பிளெஸ்னர் விலகிய பின்னர்ப் பொறியாளரான பூலோகசுந்தரம் கூட்டாளியானார். கற்பனை கூரையில் ஏறி நிற்கையில், அதனைத் தாங்கும் உத்தரத்தின் பருமனைக் கணக்கிடுவோர் ஒருவர் வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு எழுதும் மடல், வாடிக்கையாளருக்கு அனுப்பும் கணக்கு, வேலை முடியவேண்டிய நாள் ஆகியவற்றை மறவாதவர் ஒருவர் வேண்டும். பூலோகசுந்தரத்தின் பொறியியல் திறனும் நிருவாக ஒழுங்கும் பாவாவின் பின்னாளைய பெரும்பணிகளுக்கு முதுகெலும்பாயின. 1982-இல் கோட்டையில் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஏரியின் நடுவே செப்புக் கூரைகளுடன் எழுந்த அப்பெரும்பணியைத் தனியொருவர் வரைந்து முடித்திருக்க இயலாது.

அவ்வலுவலகத்தில் கட்டடக்கலைஞர் மட்டும் இருந்தாரல்லர். ஓவியர் லக்கி சேனாநாயக்க அங்கே வரைபவராகப் பணியாற்றினார். மனையிலுள்ள ஒவ்வொரு மரமும் அதன் கிளையும் இலையும் தோன்ற வரைபடத்தில் இடம்பெறும் வழக்கம் அவர் போன்றோரால் வேரூன்றியது. இதனை வெறும் அழகுக்காகச் செய்ததாகக் கொள்ளலாகாது. வரைபடத்தில் வட்டமாக மட்டும் குறிக்கப்பட்ட மரத்தை எளிதில் வெட்டிவிடலாம். கிளை விரித்து நிற்கும் மரத்தை வெட்டக் கை வராது. நெசவுக் கலைஞர் பார்பரா சன்சோனியின் வண்ணத் துணிகளும், ஈனா த சில்வாவின் பத்திக் ஓவியத் துணிகளும் அவர் கட்டடங்களின் அகத்தை அமைத்தன. 1969-இல் நிறைவுற்ற பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில், ஈனாவின் பத்திக் துணிகளே விதானமாயின. உள் அலங்காரம் என்பதைக் கட்டி முடித்த வீட்டில் இறுதியாகப் பூசும் பூச்சாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே அகமும் புறமும் ஒரே மேசையில், ஒரே நாளில் சிந்திக்கப்பட்டன.

அக்காலத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கண்ணாடியும் எஃகும் விரும்பியவாறு கிடைக்கவில்லை. வடிவமைப்பகம் நடத்துவோர் சோர்ந்துபோகத்தக்க நிலை அது. பாவாவும் பிளெஸ்னரும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்தனர். நீண்டு இறங்கும் இறவாரம், நடுமுற்றம், தூண் வரிசை ஆகியவற்றின் பயனைக் கற்றனர். நாட்டோடு அழகுடையது, ஆயினும் மழைக்காலத்தில் ஒழுகும். நெளிவுத் தகட்டை அடியில் பரப்பி, அதன் பள்ளங்களில் நாட்டோட்டைப் பதிக்கும் முறையைக் கையாண்டனர். ஒழுகலும் நின்றது, ஓட்டின் தண்மையும் தோற்றமும் எஞ்சின. 1962-இல் நிறைவுற்ற ஈனா த சில்வாவின் இல்லம், நெருக்கமான நகர மனையில், தெருவுக்கு முதுகு காட்டி முற்றத்தை நோக்கித் திறந்தது. கண்ணாடிச் சன்னல் இன்றியே அவ்வில்லத்தில் ஒளியும் காற்றும் உலவின.

பொலன்தலாவை என்னும் இடத்தில் தோட்ட அதிகாரிக்கான மனை ஒன்றை அமைத்த வரலாறு சுவையானது. பெரும்பாறைகள் சிதறிக் கிடந்த நிலம் அது. பாறைகளை வெடி வைத்து அகற்றிவிட்டுச் சமதரையில் கட்டுவதே எளிய வழி. பாவாவும் பிளெஸ்னரும் நூலையும் கோல்களையும் எடுத்துக்கொண்டு அந்நிலத்திலேயே நடந்து, பாறைக்கும் பாறைக்கும் இடையே கட்டடத்தின் எல்லையைக் குறித்தனர். பாறைகளே சுவர்களாயின. இத்தனைக்கும் அவர்கள் கையாண்டது நம் ஊர்க் கொத்தனார் ஒவ்வொரு நாளும் கையாளும் கருவிகளே. வானம் தோண்டுவதற்கு முன் மூலைகளில் முளைக்குச்சி அடித்து நூல் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூக்குக்குண்டு, மூலைமட்டம், இரசமட்டம் ஆகியவற்றின் மொழியை அறியாத வடிவமைப்பாளர் கணினித் திரையில் எத்துணை அழகாக வரையினும், அவ்வரைபடம் சாரத்தின்மீது நிற்பவருக்குப் புரிவதில்லை. வடிவமைப்பகத்தின் உண்மையான விளைபொருள், பிறர் கட்டுவதற்குரிய தெளிவான அறிவுரையே ஆகும். சன்னலின் அகலத்தை எழுதி, அதன் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை எழுத மறந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் தம் வழக்கப்படி ஓர் உயரத்தை வைத்துவிடுவார். அதில் அவர் பிழை ஏதுமில்லை.

இனிப் பொருள்நிலை பற்றிய செய்தி. கலை பேசும் நூல்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. வடிவமைப்பகங்கள் மூடப்படுவதோ பெரும்பாலும் இப்பகுதியால்தான். மளிகைக் கடையில் சரக்கு கைமாறும்போதே பணமும் கைமாறும். வடிவமைப்பகத்தில் அவ்வாறன்று. முதற்கருத்து, தொடக்க வரைபடம், ஒப்புதலுக்குரிய வரைபடம், கட்டுமான வரைபடம், மேற்பார்வை எனப் பணி பல படிகளில் நீளுகிறது. கட்டணமும் அப்படிகளுக்கேற்பப் பகுத்துப் பெறப்படுகிறது. எந்தப் படிக்கு எவ்வளவு, எத்தனை முறை மாற்றி வரைந்து தரப்படும், களத்திற்கு எத்தனை முறை வருகை என்பனவற்றை முதல் நாளிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நம்ம வீட்டுப் பிள்ளைதானே, வரைந்து கொடுத்துவிடு' என்று உறவினர் கேட்கும் ஊர்களில் இது கடினமே. முகம் கோணாமல் கட்டணத்தைச் சொல்வதும் ஒரு கலையாகும். அதனைக் கல்லூரியில் கற்பிப்பதில்லை.

வேலை நிறைந்த திங்களும் வேலையற்ற திங்களும் மாறி மாறி வரும். வரைபவரின் ஊதியத்தை வெறுமையான திங்களில் எங்கிருந்து தருவது? விருதுநகர்ப் பகுதி வணிகர்களிடம் மகமை என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வணிகத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுநிதிக்கென ஒதுக்கி, அதனைக் கொண்டு பள்ளிகளையும் அறப்பணிகளையும் நடத்தினர். வரவு வரும் நாளிலேயே ஒரு பங்கைத் தொடாமல் எடுத்துவைக்கும் அப்பழக்கத்தை வடிவமைப்பகத்தின் உட்கணக்கிலும் கைக்கொள்ளலாம். இவ்வட்டாரத்து இளைஞர் இதனை அயல்நாட்டு மேலாண்மை நூல்களில் தேட வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே தம்மைக் 'கட்டடக்கலைஞர்' என அழைத்துக்கொள்ளலாம். அதற்குரிய இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்தாண்டுகள் கொண்டது. உள் அலங்கார வடிவமைப்பாளருக்கு இத்தகைய கட்டாயப் பதிவு இல்லை.

வடிவமைப்பகம் தான் வாழும் இடத்தை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்பதும் கருதத்தக்கது. அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி 1980-ஆம் ஆண்டளவில் தமக்கென அமைத்த 'சங்காத்' இதற்குச் சிறந்த சான்று. சேர்ந்து இயங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். பாரிசில் லெ கொர்பூசியேயிடம் பயின்று திரும்பிய தோஷி, குசராத்தின் வெயிலை எதிர்கொள்ள அக்கட்டடத்தின் ஒரு பகுதியைத் தரைமட்டத்திற்குக் கீழே இறக்கினார். மேலே வளைகூரைகள், அவற்றின் புறத்தே வெண்ணிறப் பீங்கான் ஓட்டுத் துண்டுகள் பதிக்கப்பட்டன. வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பியது. கூரையில் விழும் மழைநீர் வாய்க்கால்கள் வழியே தோட்டத்துக்கு ஓடியது. வாடிக்கையாளர் வாயிலில் நுழைந்தவுடனேயே, தோஷி எதைச் சொல்ல வருகிறார் என்பதை அவர்தம் உடல் உணர்ந்துவிடும். தோஷி 2018-இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்சுகர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நம் வட்டாரத்துக்கு வருவோம். மல்லாங்கிணறு, தன் பெயரிலேயே கிணற்றைச் சுமக்கும் ஊர். இங்கு வடிவமைப்பகம் ஒன்று தொடங்கப்பட்டால் அதன் முதல் ஆசான் கரிசல் மண்ணே. மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. செம்மண் நிலத்தில் போடும் கடைக்காலை இங்கும் போட்டால் சில ஆண்டுகளில் சுவரில் விரிசல் ஓடும். கெட்டித் தரை வரை தோண்டுவதா, அடி அகன்ற குத்துத்தூண்களை இறக்குவதா என்பதை மண்ணைச் சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இரண்டாம் ஆசான் வெயில். நகரத்து வீடுகளைப் பார்த்து முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்துவிட்டு, பின்னர்க் குளிரூட்டும் பொறிக்கு மின்கட்டணம் செலுத்தும் வீடுகள் சிற்றூர்களிலும் பெருகிவிட்டன. திண்ணையும் தாழ்வாரமும் மொட்டைமாடித் தட்டோடும் ஏழைமையின் அடையாளங்கள் எனக் கருதப்பட்டு இடிக்கப்படுவது வருந்தத்தக்கது.

இப்பகுதியில் வடிவமைப்பு வேறொரு வகையிலும் பொருள் பெறுகிறது. சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசு ஆலைகளில், ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே விட வேண்டிய வெளி, ஓர் அறையில் அமர்ந்து பணிபுரிவோரின் எண்ணிக்கை, கதவு திறக்கும் திசை ஆகிய அனைத்தும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவை, நெருப்பினின்று ஓடிவருபவர் முதலில் தம்மை நோக்கி இழுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நொடியும், அவருக்குப் பின்னே வருபவரின் நெருக்கமும் உயிரை மாய்த்துவிடும். காகிதத்தில் கால்வட்டமாக வரையப்படும் கதவின் கோடு எத்திசையில் வளைகிறது என்பதில் இத்தனை அடங்கியிருக்கிறது. விதிப்படி வரையப்பட்ட அறையில் விதிக்கு மேற்பட்டோரை அமர்த்தினாலோ, இடைவெளியில் கொட்டகை போட்டாலோ வரைபடம் காக்க இயலாது என்பதும் உண்மையே. ஆகையால், வரைந்து கொடுத்ததோடு பணி முடிந்தது என்று வடிவமைப்பகம் கைகழுவ முடியாது. கட்டடம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதையும் சென்று பார்த்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு செய்தி. கொழும்பு அலுவலகத்தின் தொடக்கக் காலக் கட்டடங்களில் பிளெஸ்னரின் பங்கு உரிய அளவு பேசப்படவில்லை என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. பாவாவும் பூலோகசுந்தரமும் நெடுங்காலம் இணைந்து நடத்திய நிறுவனத்திலிருந்து 1980-களின் இறுதியில் பாவா விலகி, தம் இல்லத்திலிருந்தே இளையோருடன் பணியாற்றத் தொடங்கினார். கூட்டாக எழுந்த கட்டடத்தில் எவர் பெயர் பொறிக்கப்படுவது என்னும் வினாவுக்கு அவ்வலுவலகமும் முழு விடை காணவில்லை. ஒவ்வொரு வரைபடத்தின் வலக்கீழ் மூலையிலும் சிறு கட்டம் ஒன்று உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், நாள் என அதில் குறிக்கப்படும். புதிதாகச் சேர்ந்த இளையவரின் பெயரை அக்கட்டத்தில் முதல் நாளிலிருந்தே எழுதும் அலுவலகங்களும் உள்ளன. தலைவரின் பெயரை மட்டுமே எழுதும் அலுவலகங்களும் உள்ளன.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டின் ஓர் அறையை அளந்து, கதவு, சன்னல் ஆகியன திறக்கும் திசையுடன் தாளில் வரைக. நண்பகலில் அவ்வறையின் எந்தச் சுவர் மிகுதியாகச் சூடேறுகிறது என்பதைத் தொட்டுப் பார்த்து வரைபடத்தில் குறிக்க.

உங்கள் ஊரில் பணிபுரியும் கொத்தனார் அல்லது தச்சரைச் சந்தித்து, அவர்தம் தொழிலில் வழங்கும் இருபது சொற்களைத் திரட்டிப் பொருளுடன் வகுப்பில் படித்துக் காட்டுக.